கறுப்பு வால்நட் பலகைகள்

யூலை 13, சனி

இந்தக் கொப்பி ஓர் ஒப்பந்தத்தின் பேரில் தொடங்குகிறது. நூலகத்தில் நான் எத்தனை ஆங்கிலப் புத்தகம் எடுத்தாலும் அம்மா முகம் சுளிக்கமாட்டார். பதிலுக்கு, விடுமுறை முடியும்வரை நான் தமிழில் நாட்குறிப்பு எழுதவேண்டும். "கிளிநொச்சியிலை இருந்து வந்து ரெண்டு வருசம்தான். அதுக்குள்ளை உன்ரை எழுத்து கோழி கிளறின மாதிரி ஆகீட்டுது" என்றார். பெயர் பிரவீணா, வயது பதின்மூன்று. நான் வாசித்த நாட்குறிப்புகளில் எல்லாம் முதல் பக்கத்தில் பெயர் இருந்தது, அதனால் எழுதிவைக்கிறேன்.

தொடங்க நல்ல நாள். இன்று அப்பாவுக்கு மரம் கிடைத்தது.

நாங்கள் இருப்பது ரொறொன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி, ஜோவானா அன்ரியின் பண்ணைக்குள் உள்ள சின்ன வாடகை வீட்டில். முன்னால் அவருடைய பெரிய வீடு, நடுவில் குதிரை லாயம், பின்னால் நாங்கள். அப்பா பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஆனால் ஊரில் அவர் தச்சர். கதவு, யன்னல், கட்டில், கோயில் தேருக்கு ஒரு சில்லு கூடச் செய்தவர். கனடா வந்தபின் அவர் சீவுளி பிடித்து நான் பார்க்கவில்லை. போன கிழமைதான் முதல் தடவை: எங்கள் குசினிக் கதவு இறுகிப்போய் அவர் அதைக் கழற்றிச் சீவியதை ஜோவானா அன்ரி பார்த்துவிட்டார்.

இன்று அவர் எங்களை லாயத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயை இழுத்தார். உள்ளே பதினொரு பலகைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் குச்சி வைத்து அடுக்கியிருந்தன. கறுப்பு வால்நட். அப்பா விரலில் எச்சில் தொட்டு ஒரு பலகையில் தேய்த்தார். ஈரமான இடம் மட்டும் கடுங்கோப்பி நிறமாக மாறியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஜோவானா அன்ரி நீண்ட நேரம் பேசினார். வங்கியிலும் வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் நான்தான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர், இங்கேயும் நான்தான். அந்த மரம் முன்பு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றதாம். நாலு வருடத்துக்கு முன் புயலில் விழுந்ததாம். தக்காளி, தூசு, புகை என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். என் கையிலிருந்த புத்தகத்தில் பதினாறு பக்கம்தான் மிச்சம், அதில் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. நான் முக்கியமானதை அப்பாவிடம் சொன்னேன்: நாலு வருடம் காய்ந்த மரம். எட்டு அடியில் ஒரு சாப்பாட்டு மேசை வேண்டும். மிஞ்சும் துண்டு துணுக்கெல்லாம் எங்களுக்கு.

"அந்த மனிசி மூச்சு விடாமல் கதைச்சவ. நீ மூண்டு வரியிலை முடிச்சிட்டாய்" என்றார் அம்மா.

"அவ்வளவுதான் அம்மா. மிச்சமெல்லாம் வர்ணனை."

யூலை 16, செவ்வாய்

அப்பா வேலையால் வந்து தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, மரம் சீவ லாயத்தின் பின்பக்கமுள்ள தனிக் கொட்டிலுக்கு ஓடுகிறார். இதற்கு முன் அவர் இருந்துதான் குடிப்பார், இரண்டு கோப்பை.

சீவும்போது பலகை முதலில் ஊதா கலந்த மண்ணிறமாக இருக்கிறது. ஓரத்தில் மட்டும் வெளிறிய பட்டை. இரண்டு பலகைகளின் விளிம்புகளைச் சேர்த்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடையில் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார். ஒழுகினால் திரும்பவும் சீவுகிறார். இன்று ஒரு விளிம்பை ஒன்பது தடவை சீவினார். பதினேழு தடவை தும்மினார். நான் இரண்டையும் எண்ணினேன்.

ஜோவானா அன்ரியின் மகள் கிளேர் வந்து பார்த்தாள். என்னுடைய வகுப்பு. வகுப்பில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவளுடைய குதிரையின் பெயர் பிஸ்கட். இதைக் கேட்டு அம்மா, "எங்கடை வீட்டிலை நாய்க்கே நல்ல நாள் பாத்துப் பேர் வைச்சனாங்கள். இவ்வளவு பெரிய சீவனுக்குப் பிஸ்கட்டாமோ?" என்றார். நான் அதைக் கிளேருக்கு மொழிபெயர்த்தேன். அவள் வைக்கோலில் விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

யூலை 21, ஞாயிறு

அம்மாவின் கத்தரிக் கன்றுகள் ஆறும் ஒரே நாளில் தலை தொங்கிவிட்டன. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. பக்கத்துப் பாத்தியில் உள்ள போஞ்சிக்கு ஒன்றும் இல்லை.

ஜோவானா அன்ரி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "அந்த வால்நட் நின்ற இடமல்லவா? வேர் இன்னும் கீழே இருக்கிறது. தக்காளி, கத்தரி எதுவும் அங்கே வராது. அன்றைக்கு உங்களுக்குச் சொன்னேனே" என்றார்.

சொன்னவர்தான்.

அம்மாவிடம், "வேர் பிரச்சினையாம்" என்றேன்.

யூலை 27, சனி

இன்று பெரிய முயற்சி. ஊரில் அப்பாவின் சித்தப்பா பன்றி இறைச்சியை நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகும் தடவி, அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டிப் புகை போடுவாராம். அதைப் பற்றி அப்பா எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஜோவானா அன்ரியிடம் மூடியுள்ள பழைய இரும்புப் பீப்பாய் ஒன்று இருக்கிறது, புகை போடுவதற்கென்றே செய்தது. இரவல் தந்தார். அப்பா வால்நட் துண்டுகளால் அதன் அடியை நிரப்பிக் காலை ஏழு மணிக்கு மூட்டினார்.

பின்னேரம் நாலு மணிக்கு எடுத்தோம். இறைச்சி மேசைப் பலகையைப்போலவே அழகான கருமை. எல்லோரும் ஆளுக்கொரு துண்டு வாயில் வைத்தோம். மென்றுகொண்டே ஒருவரையொருவர் பார்த்தோம்.

"வேப்பெண்ணெய்" என்றார் அம்மா கடைசியில்.

"கொஞ்சம் கைக்குது" என்றார் அப்பா.

"கொஞ்சமோ? இஞ்சருங்கோ, உதை வயித்துப் பூச்சிக்கு விக்கலாம்."

ஜோவானா அன்ரியும் ஒரு துண்டைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தனி வால்நட்டில் யாரும் புகை போடமாட்டார்களாம். ஒரு பங்கு வால்நட்டுக்கு மூன்று பங்கு ஆப்பிள் மரம் சேர்க்கவேண்டுமாம். "அன்றைக்குச் சொன்னேனே, ஜெயா." அப்பாவின் பெயர் ஜெயசீலன். ஜோவானா அன்ரி ஜெயா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா என்னைப் பார்த்தார். "மறந்துபோனன் அப்பா" என்றேன். "பரவாயில்லை, பன்றிதானே செத்தது" என்றார்.

உண்மையில் சின்ன விஷயம்தான். ஒரு மனிதர் சொல்லும் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் உலகத்தில் ஒரு வேலையும் நடக்காது.

யூலை 28, ஞாயிறு

ஆப்பிள் விறகு சேர்த்துத் திரும்பவும் செய்தோம். இன்று வாசனை வேறு. கைப்புப் போய், கருகாத ஒரு இனிப்பு. அம்மா பாதியைச் சின்னதாக வெட்டி வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டினார். ஜோவானா அன்ரி மூன்று தரம் வாங்கினார், ஒவ்வொரு தரமும் மூக்கைத் துடைத்தார். மேசை முடிந்ததும் அதில் முதல் சாப்பாடு இதுதான் என்றார். நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன், மூக்கு உட்பட.

கிளேர் எனக்குப் பிஸ்கட்டின் கழுத்தைத் தடவப் பழக்கினாள். மயிர் படிந்திருக்கும் பக்கமாகத்தான் தடவவேண்டும்.

ஓகஸ்ட் 3, சனி

நீண்ட வார இறுதி. ஜோவானா அன்ரியும் கிளேரும் ஏரிக்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், திங்கட்கிழமை மத்தியானம் வருவார்கள். குதிரையை அப்பாவின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். காலை மாலை புல், தண்ணீர். அழுக்கான படுக்கையை அள்ளிப்போட்டு, மேலே அடுக்கியிருக்கும் வைக்கோலை விரிக்கவேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

சாவியைக் கையில் வாங்கியபோது அப்பா சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

இரவு நல்ல மழை.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

கூரை ஒழுகி, அடுக்கியிருந்த வைக்கோல் முழுக்க நனைந்துவிட்டது. பிஸ்கட் ஈரத்தில் நின்றது.

அப்பா யோசிக்கவே இல்லை. "எங்கடை பட்டறைத் தூள் முழுக்க மாட்டுக்கொட்டிலுக்குத்தான் போறது. மாடு பஞ்சு மெத்தையிலை படுக்கிற மாதிரிப் படுக்கும்" என்றார். மூன்று கிழமையாகச் சேர்த்துவைத்த வால்நட் சீவலும் தூளும் ஐந்து சாக்கு இருந்தது. நான் சாக்கின் வாயைப் பிடிக்க, அப்பா கொட்டிக் காலால் பரப்பினார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த, மென்மையான, கோப்பி நிறப் படுக்கை. ஜோவானா அன்ரி வந்து பார்த்தால் சந்தோசப்படுவார் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

இரண்டாவது சாக்கைப் பிரிக்கும்போது எனக்கு ஏதோ ஞாபகம் வருவதுபோல இருந்தது. பிறகு போய்விட்டது.

ஓகஸ்ட் 5, திங்கள்

காலையில் பிஸ்கட்டின் நாலு கால்களும் வீங்கியிருந்தன. முன்கால்களை மாறி மாறித் தூக்கியது, சூடான தாரில் நிற்பதுபோல. கழுத்தைப் பிடித்து இழுத்தாலும் ஓர் அடி வைக்கவில்லை. நான் ஜோவானா அன்ரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார்.

லாயத்துக்குள் வந்ததும் முதலில் குதிரையைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு கைபிடி தூளை அள்ளினார். அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"இந்த மரத்தின்ரை தூள் குதிரைக்குக் கூடாதாம்" என்றேன். "காலைப் பழுதாக்குமாம்."

அப்பாவின் முகம் சாம்பல் நிறமானது. "எனக்குத் தெரியாதெண்டு சொல்லு பிள்ளை. தெரிஞ்சிருந்தா ஒரு பிடிகூடப் போட்டிருக்கமாட்டன்."

நான் ஜோவானா அன்ரியிடம், "அப்பா மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

மிருக வைத்தியர் வந்தார். தூள் முழுவதையும் அள்ளவேண்டும். கால்களைக் கழுவி ஐஸில் வைக்கவேண்டும். ஊசி போட்டார். நேரத்தோடு கண்டதால் தப்பலாமாம், ஆனால் குளம்புக்குள் எலும்பு அசைந்துவிட்டால் பிறகு குதிரை நடக்காது, நடக்காத குதிரையை வைத்திருக்கமாட்டார்கள். இந்தக் கிழமை தெரிந்துவிடும் என்றார்.

அப்பா தூளை அள்ள வந்தார். ஜோவானா அன்ரி வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கிளேர் அழுதாள். நான் புத்தகம் எதுவும் வாசிக்கவில்லை.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 7, புதன்

பலகைகள் திரும்பவும் தார்ப்பாயின் கீழே போய்விட்டன. ஒட்டி முடித்த மேற்பலகையும்தான். எங்கள் கதவில் ஒரு கடிதம் செருகியிருந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார். தயவுசெய்து லாயத்துக்குள் வரவேண்டாம். மேசை வேலை இப்போதைக்கு வேண்டாம். செப்ரெம்பருக்குப் பிறகு வீடு பற்றிக் கதைக்கவேண்டும். இந்தமுறை நான் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன்.

அம்மா வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகளை எல்லாம் எடுத்துத் தண்ணீர் நிரப்பி ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார். மீன், இறைச்சி, முருங்கைக்காய்ப் பொதி எல்லாம் வெளியே எடுத்து ஒரே நாளில் சமைத்தாகிவிட்டது. அப்பா விடிய ஐந்து மணிக்கு, வேலைக்குப் போகமுன், ஏழு ஐஸ் கட்டிகளை லாய வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்தார். நான் யன்னலால் பார்த்தேன். ஆறு மணிக்கு ஜோவானா அன்ரி அவற்றை உள்ளே எடுத்துப் போனார்.

ஓகஸ்ட் 8, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். வட அமெரிக்க மரங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் கறுப்பு வால்நட்டுக்கு இரண்டு பக்கம். தளபாடத்துக்கு மிகச் சிறந்தது. துவக்குப் பிடிக்கு உகந்தது. புகை போட மற்ற விறகோடு கலந்து பாவிக்கவும். தூசு மூக்குக்கு ஆகாது. வேருக்கருகில் தக்காளிக் குடும்பம் பிழைக்காது. கடைசியில் ஒரு வரி, சின்ன எழுத்தில்: இதன் சீவலைக் குதிரைகளுக்குப் படுக்கையாக இடக்கூடாது.

புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஜோவானா அன்ரிக்குத் தெரிந்திருக்கிறது.

இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார். "உன்ரை அப்பா ஒருத்தர் சொன்னதைக் கேக்காமல் செய்யிற ஆளில்லை. கதவுக்கு ரெண்டு நூல் அளவு கூட வேணுமெண்டு ஆரும் சொன்னா அதையும் எழுதி வைக்கிற மனுசன். முதல் நாள் அவ குதிரையைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அம்மா என் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். நான் அதையும் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

யூலை 13 அன்று ஜோவானா அன்ரி குதிரையைப் பற்றிச் சொன்னார். தக்காளிக்கும் தூசுக்கும் புகைக்கும் பிறகு சொன்னார். சீவலை என்னவும் செய்யுங்கள், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுவராதீர்கள் என்றார். எங்களிடம் குதிரை இல்லையே, இது அப்பாவுக்கு எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். இரண்டாவது சாக்கைப் பிரிக்கும்போது வந்த ஞாபகம் இதுதான். அது தானாகப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறேன். தானாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன். ஏற்கெனவே ஒரு சாக்கு கொட்டியாகிவிட்டது, அப்பா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், முக்கியமென்றால் முதலே முக்கியமாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

திங்கட்கிழமை ஜோவானா அன்ரி அப்பாவிடம் சொன்னது: "முதல் நாளே சொன்னேன். உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ தலையாட்டினாய்." அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்று அப்பா சொன்னதை அவருக்கும் சொல்லவில்லை.

இன்று பின்னேரம் அப்பா வெளியே படியில் இருந்து சீவுளி அலகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உளி, சீவுளி, வாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார். நான் போய்ப் பக்கத்தில் நின்று முழுவதையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அலகைப் பார்த்துச் சொன்னேன்.

அப்பா நீண்ட நேரம் துணியை மடித்தார்.

"அப்ப அவ சொன்னவவோ" என்றார்.

"ஓம்."

"நான் நாலு நாளா அண்டைக்கு அவ கதைச்ச இங்கிலீசை ஒவ்வொரு சொல்லா நினைச்சு நினைச்சுப் பாக்கிறன். ஹோர்ஸ் எண்டு கேட்ட மாதிரியும் கிடக்கு, கேக்காத மாதிரியும் கிடக்கு. மிசினுக்கு முன்னாலை நிண்டும் அதைத்தான் யோசிச்சன். எனக்குத்தான் விளங்காமல் போட்டுதெண்டு நினைச்சன்."

அவர் ஏசியிருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன்.

"ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்லை?"

"நான் நல்லா மொழிபெயர்ப்பன் எண்டு நீங்கள் எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்."

அப்பா அலகை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நாளைக்கு நீ அவவுக்குச் சொல்லோணும். நான் பக்கத்திலை நிக்கிறன். எனக்காக ஒண்டும் கூட்டிச் சொல்லவேண்டாம், உனக்காக ஒண்டும் குறைச்சும் சொல்லவேண்டாம்."

ஓகஸ்ட் 10, சனி

லாய வாசலில் நின்று கூப்பிட்டோம். ஜோவானா அன்ரி வெளியே வந்தார், முழங்கைவரை நனைந்திருந்தார். உள்ளே பிஸ்கட் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முன்கால்களை வைத்து நின்றது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பகுதி முடிந்ததும் அதையே அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன், பிறகு அடுத்த பகுதி. எனக்கு இப்படிச் செய்து பழக்கமில்லை. என் குற்றத்தை இரண்டு மொழியிலும் ஒவ்வொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. தமிழில் சொல்வதுதான் கடினம், அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கடைசியில், "அப்பா அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. தனக்குத் தெரியாது என்றுதான் சொன்னார். மன்னிப்பு நான் சேர்த்தது" என்றேன்.

ஜோவானா அன்ரி வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். பிறகு பேசினார், நான் ஒரு சொல்லும் விடவில்லை.

"எனக்கு இப்போதும் கோபம். இதையும் அவரிடம் சொல்." சொன்னேன். "அவர் பொறுப்பில்லாத ஆள் என்று வைத்தியரிடம் சொன்னேன். என் அக்காவிடமும் சொன்னேன். இருவருக்கும் இன்றைக்கே தொலைபேசி எடுப்பேன்." சொன்னேன். "இந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. என் குதிரையின் உயிரை இவள் வாயில் வைத்து அனுப்பினேன், விளங்கியதா என்று நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்கவில்லை. தலையாட்டினார், எனக்கு அது போதுமாக இருந்தது." அதையும் சொன்னேன்.

அப்பா சொன்னார்: "விளங்காட்டிலும் நான் தலையாட்டுவன். பக்ரறியிலும் அப்பிடித்தான். விளங்கேல்லை எண்டால் வேலை போயிடுமெண்டு பயம். அதையும் சொல்லு."

இதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஒரு கணம் மொழிபெயர்க்காமல் அவரையே பார்த்தேன். பிறகு சொன்னேன்.

ஜோவானா அன்ரி எழுந்து லாயக் கதவை அகலத் திறந்தார். "ஐஸ் கட்டிகள் வாசலில் வேண்டாம். உள்ளே கொண்டுவரச் சொல். என் முதுகு போய்விட்டது."

அப்பா அதை நான் சொல்லமுன்னமே உள்ளே போனார். கதவு திறந்தது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

கிளேரிடமும் சொன்னேன். "சரி" என்றாள். அது மன்னித்த சரி இல்லை, கேட்டுவிட்டேன் என்ற சரி. பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அம்மா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தலைக்கு எண்ணெய் வைத்தார், வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார்.

ஓகஸ்ட் 14, புதன்

வீக்கம் வற்றிவிட்டது. குளம்பில் சூடு மட்டும் இருக்கிறது. அப்பா வேலைக்கு முன் ஒரு மணித்தியாலமும் பின் இரண்டு மணித்தியாலமும் லாயத்தில். கூரையில் ஒழுகிய இடத்தையும் அடைத்துவிட்டார்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

மிருக வைத்தியர் குளம்புகளை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு அசையவில்லை. இரண்டு கிழமை ஓய்வு, பிறகு மெதுவாக நடத்திப் பார்க்கலாம். ஜோவானா அன்ரி அவரைக் கட்டிப்பிடித்தார். அப்பாவையும் கட்டிப்பிடிக்க வந்து, அப்பா விறைத்து நிற்பதைக் கண்டு கையைக் குலுக்கினார்.

லாயக் கதவில் அவர் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். ஒரு வேலை சொல்லும்போது அதில் சின்னச் சொற்களில் எழுதுகிறார், படமும் கீறுகிறார். அப்பா தனக்கு விளங்கியதைத் தன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். விளங்காவிட்டால் தலையை ஆட்டக்கூடாது, கையை உயர்த்தவேண்டும். இன்று அப்பா நாலு தடவை கையை உயர்த்தினார். நாலாவது தடவை ஜோவானா அன்ரி கீறியது ஆடா கட்டிலா என்று தெரியாமல்.

நாளை மேசை வேலை திரும்பத் தொடங்குகிறது. முதல் விதி கரும்பலகையின் மேலே: வால்நட் தூள் முழுவதும் சாக்கில் கட்டி, லொறியில் ஏற்றி, பண்ணைக்கு வெளியே. அப்பா அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். பிறகு தானாக ஒன்று சேர்த்தார்: "அண்ட் நோ ரொமாட்டோ." அம்மா கிணற்றடியில் சிரிப்பதுபோலச் சிரித்தார், இங்கே கிணறு இல்லை என்பதை மறந்து.

ஓகஸ்ட் 26, திங்கள்

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஏதோ சொன்னபோது அப்பா கையை உயர்த்தினாராம். அந்த ஆள் பயந்துவிட்டு, பிறகு திரும்ப மெதுவாகச் சொன்னாராம். வேலை போகவில்லை.

மேசையின் கால்கள் முடிந்தன. நான் இப்போது நூலகத்தில் குதிரைப் புத்தகங்கள்தான் எடுக்கிறேன். கிளேர் இன்னும் "சரி" மட்டும் சொல்கிறாள்.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

இன்று பிஸ்கட்டை வெளியே எடுத்தார்கள்.

பின்வளவில், மழை பெய்து மென்மையாக இருந்த புல்லில். ஜோவானா அன்ரி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், கிளேர் கயிற்றைப் பிடித்து முன்னால். நான் வேலிக்கு வெளியே நின்றேன். யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வரச்சொல்லவும் இல்லை.

முதல் அடி வைக்க அது வெகுநேரம் எடுத்தது. இடது முன்காலைத் தூக்கி, வைக்கலாமா என்று மண்ணைக் கேட்பதுபோலத் தொங்கவிட்டு, வைத்தது. பிறகு மற்றது. வளவின் பாதியில் நின்று காதைத் திருப்பி எல்லோரையும் பார்த்தது. பிறகு யாரும் இழுக்காமலே புல்லைத் தேடி நடந்தது. ஜோவானா அன்ரியும் அப்பாவும் குனிந்து கால்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டு போனார்கள். இருவர் கைகளும் காற்றில் கீறிக்கொண்டிருந்தன. என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஒரு சுற்று முடித்துக் கிளேர் வேலியருகில் வந்தாள். நின்றாள். கயிற்றின் நுனியை வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"தோளுக்குப் பக்கத்தில் நட. முன்னால் போகாதே. அவனுக்கு நோகும் என்று தெரிந்தால் உடனே நில்" என்றாள்.

நான் மூன்றையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவள் சரி என்றாள். இது வேறு சரி.

வேலிக்குள் போனேன். பிஸ்கட் என்னை மணந்துபார்த்துவிட்டு மூச்சைக் கழுத்தில் விட்டது, சூடாக, ஈரமாக. நாங்கள் நடந்தோம். ஒவ்வொரு காலையும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் ஒரே மாதிரி மண்ணில் பதிந்தன, நொண்டவில்லை. வளவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தபோது கயிற்றைக் கொடுக்கக் கையை நீட்டினேன்.

கிளேர் வாங்கவில்லை. "இன்னொரு சுற்று" என்றாள்.